கோடைக்கு மொட்டைமாடியைத் தயார் செய்தபோது நடந்தவை: பெங்களூரு வாசிகளின் அனுபவப் பகிர்வு

பசவனகுடி மாடிவீடு:

யுகாதிக்கு முந்தைய வாரமே மாடி வேலையை முடித்துவிட்டேன். பிரம்பு நாற்காலிகள் போட்டு, கைப்பிடிச் சுவரில் சீரியல் விளக்கு கட்டி, மூலைகளில் காகிதப்பூத் தொட்டிகளை நிறுத்தி, தரையில் முக்கால்வாசிக்குச் செயற்கைப் புல் விரித்திருந்தேன். அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இங்கே பாதிப் பேர் வீட்டில் அது கிடக்கிறது.

ஏப்ரலில் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். பெங்களூரிலும் வெயிலா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மறுநாள் காலையிலேயே அந்தப் புல்லின் மீது பழைய வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் ஊற்றிவிட்டார். பன்னிரண்டரை மணிக்கு வற்றலைப் பார்க்கப் போனபோது, வழக்கம்போலச் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில், முன்னே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், தான் ஊற்றிய வற்றலின் மேலேயே ஏறி, ஒரு காலின் மீது மறு காலை வைத்துக்கொண்டு நின்றார். "புல்லுன்னு நெனச்சுக் கால வச்சேன், தோசக்கல்லுல்லா இருக்கு" என்றார்.

உள்ளங்காலில் கொப்புளம் வந்துவிட்டது. உயிருள்ள புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுக் குளிர்ந்துகொள்ளும். இந்தப் பச்சை நெகிழிக்கு அந்த வழி கிடையாது என்பதை நான் அன்றுதான் யோசித்தேன். விரிப்பு போடாத இடத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், அவரால் மெதுவாக நடக்க முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜே.பி. நகர் வாசகர்:

மேலே எழுதியவர் புல்லின் மீது பழி போடுகிறார். நிழல்வலை கட்டாமல் திறந்த மாடியில் எதை விரித்தாலும் சுடத்தான் செய்யும். இருந்தாலும் நானும் அதிகம் பேச முடியாது, ஏனென்றால் நான் வலை கட்டியவன்.

2024ஆம் ஆண்டு கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டதால், லாரித் தண்ணீரை வாங்கி மாடித் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அரிசி கழுவிய தண்ணீரையும், சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும் செடிகளுக்கு ஊற்றினோம். குறைந்த தண்ணீரில் செடிகள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே எழுபத்தைந்து விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையை வாங்கினேன். இரண்டு முனைகளைச் சுவர்க் கொக்கிகளிலும், ஒன்றைத் துணிக்கொடிக் கம்பத்திலும் கட்டினேன். நான்காவது முனைக்கு இடம் கிடைக்காததால், தொட்டியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயில் கட்டினேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை முதல் கோடை மழை வந்தது. அதற்கு முன்னால் காற்று வந்தது. வலை பாய்மரம்போல் உப்பியதைப் பார்த்து ரசித்தபடி நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கணம் ஒரு சடக் ஒலி கேட்டது. காலையில் வாங்கிய லாரித் தண்ணீர் மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டு வாசலுக்கு இறங்கியது. கீழ்வீட்டு அம்மா குடத்துடன் ஓடிவந்து, மூன்றாவது படியில் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கினார். அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னொரு கொடம் எடுத்துட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆர்.டி. நகர், முன்பு தில்லி:

மயூர் விஹாரில் பன்னிரண்டு கோடைகளைக் கழித்துவிட்டு வந்தவன் என்ற முறையில், நீங்கள் வெயில் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2016 ஏப்ரலில் பெங்களூரு 39.2 டிகிரியைத் தொட்டதை இங்கே பெரிய செய்தியாகப் பேசினார்கள். தில்லியில் நாற்பத்தைந்தும் சாதாரணம். மதியம் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது பால்கனியில் எந்த அலங்காரமும் எடுபடாது. துளசி மாடத்துக்கு ஈரச் சாக்கு கட்டினேன், அரைமணி நேரத்தில் சாக்கு காய்ந்து விறைத்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர், கோரமங்களா:

என் மைத்துனர் மாடியில் புல்தரை வளர்ப்பதற்காக நான்கு அங்குல உயரத்துக்கு மண் கொட்டினார். ஆவணியில் அவருடைய படுக்கையறைக் கூரையில் கசிவு தெரிந்தது. என் கதை இவ்வளவுதான். ஆனால் யாரும் தொடாத ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும்.

ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடையைக் கணக்கில் கொள்ளும்படி ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி கூறுகிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மண் கொட்டினால், ஒரு சதுர மீட்டரில் அதுவே 150 முதல் 200 கிலோ வரை வந்துவிடும். அதன்மேல் விருந்தினர், ஊஞ்சல், கல் மேசை ஆகியவற்றை வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். தென்னைநார்த் துகள் இலேசானதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். காய்ந்திருக்கும்போது இலேசுதான், நனைந்தால் அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், உத்தரங்களும் சுவர்களும் கீழே தாங்குகிற இடங்களில் வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். காற்றில் கீழே விழுந்தால் தெருவில் போகிறவர் தலைக்கு ஆபத்து. தொட்டிகளுக்கு அடியில் செங்கல் துண்டுகளைக் கொடுத்தால் தண்ணீர் தேங்காது. முதல் மழைக்கு முன் வடிகுழாயின் வாயைக் குனிந்து பாருங்கள், அங்கே காகிதப்பூ இதழ்கள் கட்டாயம் அடைத்திருக்கும். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுகிறது. குடிநீர்க் குழாயில் கயிறு கட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஜே.பி. நகர் வாசகர்:

சொல்லிவிட்டீர்கள் ஐயா. இப்போது இரும்புக் கம்பம் நட்டிருக்கிறேன், காற்று எழுந்தால் ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சும் போட்டிருக்கிறேன்.

மல்லேஸ்வரம், வடக்கு பால்கனி:

எடையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் நீங்கள் பேசுவதற்கு நடுவே இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் மாலை, நெருங்கியவர்களை மட்டும் பால்கனியில் உட்காரவைத்துப் பலகாரம் கொடுப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். நடுக் கொக்கியில் பெரணித் தொட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் செம்மீசைச் சின்னான் கூடு கட்டியிருந்ததும் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்ததும் எனக்குத் தெரியும்; தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும், சீரியல் விளக்கின் வளைவுக்கு அந்தத் தொட்டி இடைஞ்சலாக இருக்கிறது என்று, அதை மெதுவாகத் தூக்கி எட்டடி தள்ளிக் கடைசிக் கொக்கியில் மாட்டினேன். கூட்டில் கை படாமல்தான் மாட்டினேன்.

தாய்ப்பறவை வாயில் பச்சைப் புழுவுடன் வந்தது. தொட்டி இருந்த இடத்துக்கு, அதே உயரத்துக்கு வந்து, உட்கார எதுவுமில்லாமல் காற்றில் சிறகடித்துக்கொண்டு நின்றது. எட்டடி தள்ளிக் குஞ்சுகள் கத்துவது எனக்குக் கேட்டது, அதற்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அது எதிர்வீட்டுக் கம்பிக்குப் போய்விட்டு மறுபடியும் அந்த வெற்றுக் கொக்கிக்கே வந்தது. மூன்று முறை வந்தது, புழுவை விடவில்லை. நான் தொட்டியைத் திரும்ப மாட்டுவதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது. விருந்தினர் போனபிறகு, இருட்டியபின் மாட்டினேன்.

விடிந்ததும் அது வந்தது. வாய் திறந்தவை இரண்டுதான்.

மனிதக் கை பட்டால் பறவை கூட்டை வெறுத்துவிடும் என்று யாராவது பதில் எழுதுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது நம் வாசனையைப் பார்த்து ஒதுங்கவில்லை. தான் கட்டிய இடத்தில் கூட்டைத் தேடியது, அவ்வளவே. குஞ்சுகள் கூட்டில் இருப்பது ஏறத்தாழ இரண்டு வாரந்தான். விளக்கை அதற்குப் பிறகு கட்டியிருக்கலாம், அல்லது வளைவில்லாமல் கட்டியிருக்கலாம்.

பசவனகுடி மாடிவீடு:

மல்லேஸ்வரத்து அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் மாடிக் காகிதப்பூவிலும் ஒரு கூடு கண்ணில் படுகிறது. அந்தத் தொட்டியை இந்த மாதம் நகர்த்தப்போவதில்லை. புல்விரிப்பைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். அம்மா சித்திரை பிறந்ததும் மறுபடி வருகிறார், வற்றல் ஊற்றும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. அதற்குள் தரைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். பசவனகுடிப் பக்கம் வந்து அடித்துக்கொடுக்கும் ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.