ரசிகர்களே நடத்தும் கிளப் எப்படித் தாக்குப்பிடித்தது?

கேள்வி: 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் பெரும் கடன் வாங்கி, இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது. மனம் கசந்த ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டரைத் தொடங்கினார்கள். சொந்த மைதானம்கூட இல்லையே, ஆரம்ப ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள்?

பதில்: அருகிலுள்ள பெரி ஊரின் கிக் லேன் மைதானத்தில் வாடகைக்கு ஆடினார்கள். இறங்கியது இங்கிலாந்துக் கால்பந்தின் பத்தாம் அடுக்கு லீக். வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்தாடிய வீரர்கள்! அந்த ஆட்டங்களுக்குச் சராசரியாக மூவாயிரம் பேர் வந்தார்கள் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மேல் அடுக்குக்கு உயர்ந்தார்கள்.

இன்னொரு பதில்: வெற்றியைவிட அமைப்பு முக்கியம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஓட்டுதான். சட்டையில் விளம்பரதாரர் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் உறுப்பினர்களே. பணத்துக்குத் தவித்த காலத்திலும் அதில் உறுதியாக நின்றார்கள். நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

கேட்டவர்: சொந்த மைதானம் பிறகாவது அமைந்ததா?

பதில்: அமைந்தது. 2015-இல், மான்செஸ்டரின் மாஸ்டன் பகுதியில், பிராட்ஹர்ஸ்ட் பார்க். செலவில் ஒரு பகுதியை ரசிகர்களே பங்கு வாங்கித் திரட்டினார்கள். திறப்பு விழா ஆட்டத்துக்கு வந்தது போர்ச்சுகலின் புகழ்பெற்ற பென்ஃபிகா அணி!