பழவேற்காடு டச்சுக் கல்லறை: போனவங்க அனுபவம் சொல்லுங்க

உப்புக்காற்று:
பழவேற்காட்டுக்குப் போகிற பாதிப் பேர் படகு, பூநாரை, மீன் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் டச்சுக் கல்லறையை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

போனால் முதலில் கண்ணில் படுவது நீலப் பலகை. பாதுகாக்கப்பட்ட சின்னம், 1958ஆம் ஆண்டுச் சட்டம், சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். படித்து முடிப்பதற்குள் நாமே எதையோ திருடிவிட்ட மாதிரி ஒரு பயம் வந்துவிடும். உள்ளே படுத்திருப்பவர்கள் யார், எதற்காக இந்தக் கரைக்கு வந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அதைவிட வாசலே நன்றாகப் பேசுகிறது. இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள், ஒன்றோடு மணற்கடிகாரம். 'உன் நேரமும் ஓடுகிறது' என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் சொல்லும் முறை அது. உள்ளே தரையோடு கிடக்கும் பலகைக் கற்களில் குடும்ப முத்திரை, மண்டை ஓடு, சுற்றிலும் கொடி வேலைப்பாடு. அதில் ஒரு கல்லில் கோட்டையின் உருவத்தையே செதுக்கியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அந்தக் கல்லிடம்தான். ஏனென்றால் அசல் கோட்டை இப்போது இல்லை.

கரையேறி:
அந்த அசல் கோட்டையைத் தேடி அலைஞ்ச கதை என்கிட்ட இருக்கு. 1613ல கட்டின கெல்ட்ரியா கோட்டை. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைமையிடம், அப்புறம்தான் நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. அவ்வளவு பெரிய இடமாச்சே, ஒரு சுவராவது தெரியும்னு நினைச்சேன். வலை உலர்த்திட்டிருந்த பெரியவர்கிட்ட "ஐயா, கோட்டை எந்தப் பக்கம்?"னு கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துட்டு, "நீ நிக்கிறது கோட்டை மேலதான் தம்பி" என்றார். சுத்திலும் முள்ளுப் புதர், மேடு, அகழி இருந்த பள்ளம். அவ்வளவுதான்.

இன்னொண்ணு. துணி வியாபாரம் பத்தி எல்லாரும் பேசுவாங்க. அதே துறைமுகத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டுல நம்ம ஆளுங்களை அடிமைகளா பத்தாவியாவுக்கு (இப்போதைய ஜகார்த்தா) கப்பல் ஏத்தினதைப் பத்திப் பேச மாட்டாங்க. பஞ்ச காலத்துல தன்னையே வித்துக்கிட்டவங்களும் அதுல உண்டு. வியாபாரிக்குச் சித்திர வேலைப்பாட்டோட கல்லறை இருக்கு. கப்பல்ல போனவங்களுக்கு ஒரு செங்கல்லும் இல்லை. பலகை எழுதினா அதையும் சேர்த்து எழுதணும்.

செங்கல்தூள்:
பழவேற்காட்டில் கோட்டை போய்க் கல்லறை மிஞ்சியது. கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. நான் போனபோது கல்லறைப் பகுதி பூட்டியிருந்தது. காவலாளி அண்ணன் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாவியோடு வந்தார். எந்தக் கல்லில் கப்பல், எந்தக் கல்லில் பூ என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், மதிலருகே நின்று கடலைக் காட்டி, "இங்கதான் சார் வெள்ளைக்காரனுங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டது" என்றார். 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதியதைத்தான் சொல்கிறார். தேதி அவருக்குத் தெரியாது, திசை தெரிந்திருந்தது.

உப்புக்காற்று:
@செங்கல்தூள் அந்த அண்ணன் சொல்வதை யாராவது பதிவு செய்து வைத்தால் தேவலை.

போகிறவர்களுக்கு ஒன்று. உச்சி வெயிலில் எழுத்து ஒன்றும் தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்ந்திருக்கும்போது போங்கள், தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மப்பாக இருந்தால் கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். படம் நன்றாக வரவேண்டும் என்று சாக்பீஸ் மட்டும் தடவாதீர்கள், கல் அரிக்கும்.