ஆந்தனி ரிச்சர்ட்சனை நான்காவதாக எடுத்தது தப்பா?

குதிரைலாடம்:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 2023 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எங்கள் அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் நான்காவது தேர்வாக ரிச்சர்ட்சன் பெயரைச் சொன்னபோது சோபாவில் ஏறி நின்று கத்தியவன் நான். இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை. 20 வயது, 6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு, 40 கெஜத்தை 4.43 நொடியில் ஓடுகிற குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். இன்னொருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! 2019 ஆகஸ்டில் எங்கள் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் திடீரென்று ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பிழைப்பு தெரியும்தானே? பிரிசெட், ரிவர்ஸ், வென்ட்ஸ், மேட் ரயன். வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு. சொந்த வீடு கட்ட ஆசைப்பட்டோம், அவ்வளவுதான். 2025-இல் அவர் டேனியல் ஜோன்ஸிடம் இடத்தை இழந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேர்ந்தெடுத்த அன்று என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, அன்று தெரிந்ததையே பேசுவோம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடக்க ஆட்டக்காரராக அவர் ஆடியது மொத்தமே 13 ஆட்டம். 2022-இல் அவர் வீசிய பந்துகளில் 53.8 சதவீதம்தான் தன் ஆளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 17 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்), 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து). ஓடுவதும் குதிப்பதும் இருக்கட்டும், குவாட்டர்பேக்கின் முதல் வேலை பந்தைச் சேர்ப்பதுதானே? கல்லூரியில் 53.8 எடுத்தவர் 2024-இல் கோல்ட்ஸுக்கு 47.7 எடுத்தார். இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? அடுத்த தேர்விலேயே சியாட்டில் தடுப்பாட்டக்காரர் டெவன் விதர்ஸ்பூனை எடுத்தது. ஒன்பதாவதாக ஃபிலடெல்ஃபியாவுக்கு இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜேலன் கார்ட்டர் கிடைத்தார். வீடு கட்டுவது நல்ல ஆசைதான் சார், மனையைப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

குதிரைலாடம்:
பஃபலோ குவாட்டர்பேக் ஜாஷ் அலன். வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. வயோமிங் கல்லூரியில் 56.2 சதவீதம். 2018-இல் பஃபலோ அவரை ஏழாவதாக எடுத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். முதல் வருடம் 52.8. 2020-இல் 69.2. 2024-இல் எம்விபி, லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது எல்லாப் பயிருக்கும் பொருந்தாது.

கணக்குப்பிள்ளை:
இந்தப் பெயருக்காகத்தான் காத்திருந்தேன். லாட்டரிக் கடையில் பரிசு விழுந்தவன் படத்தைத்தான் மாட்டுவான். ட்ரே லான்ஸ் படத்தை மாட்டமாட்டான். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ அந்த லான்ஸை எடுக்க மூன்றாவது இடத்துக்கு ஏற, அந்த வருடத்து 12-ஆவது தேர்வோடு அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தது. மேலே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு வேறு. 2023 ஆகஸ்டில் அதே லான்ஸை ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்கு அனுப்பினார்கள். கடைசியில் அவர்களை லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் வரை கூட்டிப்போனவர் 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாக, எடுக்கப்பட்ட பிராக் பர்டி. அப்புறம், பஃபலோ அலனை எடுத்துவிட்டுச் சும்மா இருந்ததா? 2020-இல் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து, வீசிய பந்தைப் பிடிக்கிற ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கி வந்தார்கள். அந்த 69.2-இல் டிக்ஸின் கையும் இருக்கிறது.

வெள்ளிக்கறுப்பு:
ரெய்டர்ஸ் ரசிகன் பேசுகிறேன், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். 2007-இல் முதல் தேர்வாக குவாட்டர்பேக் ஜமார்கஸ் ரசல். 3 கோடி டாலருக்கு மேல் உறுதிப்பணம், எப்படி ஆடினாலும் கொடுத்தாக வேண்டியது. மூன்றே சீசன். அந்தக் காலத்தில் ஒரு தப்பு செய்தால் அணியின் கஜானாவே காலி. 2010-இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதிப்பணம் மட்டும் 5 கோடி டாலர். 2011-இல் புது ஆட்டக்காரர்களுக்குச் சம்பள வரம்பு வந்ததும், அதே முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். ரிச்சர்ட்சனுக்கு நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 3.4 கோடி. தோற்றால் வலிக்கும், ஆனால் அணி திவாலாகாது. எங்கள் காயத்துக்கு முன்னால் உங்களுடையது சிராய்ப்பு.

பெஞ்சில்_ஒருவன்:
இரண்டு பேரும் எடுக்கலாமா கூடாதா என்றே மல்லுக்கு நிற்கிறீர்கள். எடுத்ததில் குற்றமில்லை. முதல் வாரமே களத்தில் இறக்கினார்களே, அதுதான் குற்றம். கன்சாஸ் சிட்டி 2017-இல் மஹோம்ஸை எடுத்துவிட்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்தது. அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டம். அடுத்த வருடம் 50 டச்டவுன் பாஸ், எம்விபி. கிரீன் பே ஜோர்டன் லவ்வை மூன்று வருடம் ஊற வைத்தது. கோல்ட்ஸின் கையில் அனுபவமுள்ள குவாட்டர்பேக் கார்ட்னர் மின்ஷூ இருந்தார். 13 ஆட்டம் ஆடிய பையனுக்கு அந்த ஒரு வருடத்தையாவது கொடுத்திருக்கக்கூடாதா?

குதிரைலாடம்:
அலன் தன் முதல் சீசனின் இரண்டாவது வாரமே தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார் நண்பரே. ரிச்சர்ட்சனுக்குக் குறை என்ன? ஆடிய அனுபவம். பெஞ்சில் உட்கார்ந்தால் அது எங்கிருந்து வரும்? நீச்சல் தெரியாதவனைக் கரையில் உட்கார வைத்து வேடிக்கை காட்டுவது போல இருக்கிறது. உண்மையில் எங்களைக் கெடுத்தது காயம். 2023-இல் ஐந்தாவது வாரம் டென்னஸிக்கு எதிராகத் தோள்பட்டை போனது, சீசனும் போனது. இரண்டு வருடத்தில் மொத்தம் 15 ஆட்டம்தான் தொடங்கினார். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வகுப்பே நடக்கவில்லை.

பெஞ்சில்_ஒருவன்:
அதே நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் தள்ளினீர்கள், தோள் போனது. 244 பவுண்டு உடம்பை நம்பி ஓடவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மோதல் உண்டு.

கணக்குப்பிள்ளை:
2024-இல் ஹூஸ்டனுடன் ஆடும்போது களைப்பாக இருக்கிறது என்று தானே ஒரு பிளேக்கு (பந்தை எடுத்து ஆடும் ஒரு முறை) வெளியே வந்தாரே, அதையும் காயக் கணக்கில் சேர்ப்பதா?

குதிரைலாடம்:
வரும் என்று தெரியும். அதற்கு எங்களிடம் சாக்கு இல்லை, அது மோசம்தான். அதற்காக இரண்டு ஆட்டம் மாற்று குவாட்டர்பேக் ஃப்ளாக்கோவை இறக்கினார்கள். திரும்பி வந்து ஜெட்ஸை 28-27 என்று ஜெயித்தாரே, அதை ஏன் யாரும் எடுத்துப் போடுவதில்லை?

கணக்குப்பிள்ளை:
ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சான் பிரான்சிஸ்கோ மாதிரி எதிர்காலத்தை அடகு வைத்து நீங்கள் மேலே ஏறவில்லை. சொந்தத் தேர்வில்தான் சூதாடினீர்கள். இருந்தாலும் விதர்ஸ்பூன் நன்றாக ஆடுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்குப் போன் வரும்.

குதிரைலாடம்:
தாராளமாகப் போடுங்கள். எடுக்கமாட்டேன்.