பட்டி கையை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

குளிர்க்காற்று (சிகாகோ):

வீடு மாறும்போது ஒரு பழைய கோட்டுப் பையில் நுழைவுச் சீட்டின் பாதி கிடைத்தது. 2014 ஜனவரி, பட்டி கை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வாசிக்கும் கிட்டார்காரர். (தமிழில் எழுதினால் பெயரே 'கை' என்று முடிகிறது. வேறென்ன வேண்டும்!) அவரை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சிகாகோவின் ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்து போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம் என்று இருந்தவனை அலுவலக நண்பர் ஒருவர் வாபாஷ் தெருவில் உள்ள 'லெஜண்ட்ஸ்' இசைக் கிளப்புக்கு இழுத்துப் போனார். அது பட்டி கையின் சொந்த இடம், 1989இல் தொடங்கியது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர் ஜனவரி வந்தால் அங்கேயே வாசிப்பார். அப்போது அவருக்கு 77 வயது. ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு, நமக்குத் தூக்கம் வரும் என்பதுதான் அதுவரை என் எண்ணம்.

மூன்றாவது பாட்டோ நான்காவதோ, பாடிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிவிட்டார். கிட்டார் நிற்கவில்லை. மேசைகளுக்கு நடுவே புகுந்து, பாரைச் சுற்றி, கழிவறைக்குப் போகும் வழிவரை நடந்தார். நான் லூசியானா கம்போ என்ற கெட்டிச் சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோயிருந்தேன். கிட்டாரின் கழுத்து என் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடந்தது. அங்கேயே நின்று ஒரே கம்பியை இழுத்துப் பிடித்தார் பாருங்கள், கரண்டியை எப்போது கீழே வைத்தேன் என்று நினைவில்லை. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நடுநடுவே பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை சொல்வார். பழக்கமில்லாமல் முதலில் முழித்தேன். பிறகு கதைக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன்.

பழைய மாணவன்:

தம்பி, உங்களுக்கு ஒயர் இல்லாத காலத்துப் பட்டி கை கிடைத்திருக்கிறார். நான் பார்த்தது ஒயரோடு.

எழுபதுகளின் கடைசியில் சிகாகோவின் ஹைட் பார்க் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். 43ஆம் தெருவில் 'செக்கர்போர்டு லவுஞ்ச்' என்று ஒரு சின்ன இடம். 1972இல் அவர் தொடங்கியது. அந்தப் பக்கமெல்லாம் போகாதே என்று அறைத் தோழர்கள் பயமுறுத்தினார்கள். போனேன். உள்ளே என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை, நாற்காலி நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

அன்றும் இறங்கினார். கிட்டாரிலிருந்து ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி வரைக்கும் பாம்பு மாதிரி நீண்ட கறுப்பு ஒயர். நேராகக் கதவைத் திறந்து தெருவுக்கே போய்விட்டார்! ஆள் வெளியே, சத்தம் உள்ளே. ஒயர் எங்கள் மேசையில் பீர் பாட்டில்களைத் தட்டிவிடப் பார்த்தது, பக்கத்திலிருந்த பெரியம்மா தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ப்ளூஸ் வரலாற்றில் என் பங்களிப்பு அது ஒன்றுதான்.

இந்த வித்தையை அவர் கற்றது கிட்டார் ஸ்லிம் என்ற ப்ளூஸ்காரரிடம். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இளைஞனாக ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறார். கிட்டார் கேட்கிறது, மேடையில் ஆளைக் காணோம். பார்த்தால் ஸ்லிம் வாசல் வழியாக வருகிறார், ஒரு தடியர் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கிவர, வாசித்தபடியே. வாசித்தால் புகழ்பெற்ற ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் மாதிரி வாசிக்க வேண்டும், மேடையில் ஸ்லிம் மாதிரி நடக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாராம்.

ஆனால் 1957 செப்டம்பரில் சிகாகோ வந்து இறங்கியபோது சாப்பாட்டுக்கே வழியில்லை. மூன்று நாள் பட்டினி, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தவர் 708 கிளப்பில் வாசிக்க, சிகாகோ ப்ளூஸின் பெரிய தலை மடி வாட்டர்ஸ் வந்து ரொட்டியும் சலாமி இறைச்சியும் கொடுத்துத் தேற்றினார் என்பது அவரே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அப்புறம் செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் மற்றவர்களின் பதிவுகளுக்குப் பக்கவாத்தியம். மேடையில் வாசிப்பதைப் போல இரைச்சலாக வாசிக்க அங்கே விடவில்லை. 1965இல் ஹார்மோனிகாக்காரர் ஜூனியர் வெல்ஸின் தொகுப்புக்கு வேறு கம்பெனியில் வாசித்தபோது, செஸ் ஒப்பந்தம் இடித்ததால் முதல் அச்சில் 'நட்பான ஆள்' என்ற பொருளில் ஒரு புனைபெயரைத்தான் போட்டார்கள். 1967 வரை பகலில் பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஓட்டினார். என்னைக் கேட்டால் அந்த இரைச்சலை அப்போதே பதிவு செய்திருக்க வேண்டும். கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் அதைப் பிடித்துப் பணமாக்கிய பிறகு கம்பெனி முதலாளி லியோனார்ட் செஸ் அவரைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது என்று குனிந்து நின்று "உதை" என்றாராம்.

1981இல் இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் அதே செக்கர்போர்டில் மடி வாட்டர்ஸோடு ஏறினார்கள், பட்டி கையும் இருந்தார். நான் அதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

மெயில் பயணி (சென்னை):

சிகாகோவெல்லாம் நமக்கு எட்டாது சார். நான் பார்த்தது மும்பையில். 2011இல் பாந்த்ரா மெஹபூப் ஸ்டுடியோவில் ப்ளூஸ் விழா முதல்முறையாக நடந்தது. அலுவலக வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன்.

அங்கேயும் இறங்கினார்! கூட்டம் அப்படியே பிளந்து வழிவிட்டது. கையில் வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புக் கிட்டார். அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, சிகாகோ போய்ச் சம்பாதித்து, புள்ளி போட்ட காடிலாக் காரில் வந்து இறங்குவேன் என்று மகன் ஒரு பொய் சொன்னார். அம்மா 1968இல் இறந்துவிட்டார். மகன் வாசித்து ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கார் வராத குறைக்குக் கிட்டாரில் புள்ளி.

இதைப் படித்தது ஊருக்குத் திரும்பும் ரயிலில். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பாட்டுக் கேக்கவா அவ்வளவு தூரம் போனே?" என்றார், டிக்கெட் விலையைக் கேட்டார். அதற்கு மட்டும் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

வயல்வழி:

நான் ஆளைப் பார்த்ததில்லை, ஊரைப் பார்த்தேன். செல்லுமா?

பேட்டன் ரூஜில் ஒரு வேலையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு லெட்ஸ்வொர்த் போனேன். 1936இல் அவர் பிறந்த இடம். ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. 418ஆம் எண் நெடுஞ்சாலை, அதற்கு 2018இல் அவர் பெயர் வைத்தார்கள். அப்போது நட்ட நினைவுப் பலகை ஒன்று. மற்றபடி வயல், வயல், வயல். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிர் செய்தவர்கள். 100 பவுண்டு பருத்தி எடுத்தால் 2.50 டாலர் கூலி.

சின்ன வயதில் வீட்டு ஜன்னலின் கொசுவலைக் கம்பியை உருவித்தான் வாத்தியம் செய்தாராம். ராத்திரி திடீரென்று இத்தனை கொசு எப்படி வருகிறது என்று வீட்டில் குழம்பியிருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் முழங்கை, கழுத்து, காது மடல் எல்லாம் கடித்து வைத்துவிட்டன.