வெப் ஆப்பில் வருபவர் லாகின் ஆனவரா என்று எங்கே பார்ப்பது: பிரவுசரிலா, சர்வரிலா?

ரியாக்ட்ராசா: பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் டோக்கன் (லாகின் ஆனதும் சர்வர் தரும் அடையாளச் சீட்டு) இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா? உள்ளே விடு. இல்லையா, லாகின் பக்கத்துக்கு அனுப்பு. எங்கள் அட்மின் பக்கம் ஒரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வரிடம் போய் "இவர் யார்" என்று கேட்பது வெட்டி வேலை.

பழைய_பிஎச்பி: தம்பி, எஃப்12 அழுத்தி, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நானே ஒரு டோக்கனை எழுதி வைத்தால்? காலாவதி 2099 என்று போட்டுக்கொள்வேன்.

ரியாக்ட்ராசா: போடுங்கள் அண்ணா, வெறும் மெனுதான் தெரியும். தகவல் கேட்டால் சர்வரின் ஏபிஐ 401 ("லாகின் ஆகவில்லை" என்ற பதில்) அனுப்பிவிடும்.

பழைய_பிஎச்பி: அப்போ காவல் சர்வரில்தான் நிற்கிறது. உங்களுடையது வாசலில் மாட்டிய போர்டு.

நள்ளிரவு_டிப்ளாய்: சர்வரிலும் எந்த இடம் என்பது முக்கியம். நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற ரியாக்ட் ஃபிரேம்வொர்க்கில் நாங்கள் மிடில்வேரில் (பக்கத்துக்கு முன்னால் ஓடும் நிரல்) மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். 2025 மார்ச்சில் சிவிஇ-2025-29927 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. மிடில்வேர் தன்னையே சுற்றிச் சுற்றி அழைக்காமலிருக்க வைத்திருந்த ஒரு உள் ஹெடரை (ரிக்வெஸ்டோடு போகும் குறிப்பு) வெளியாள் யாரும் அனுப்பலாம். அனுப்பினால் மிடில்வேர் ஓடாது. 15.2.3, 14.2.25 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அன்று எனக்குத் தூக்கம் போச்சு. இப்போது டேட்டாபேஸைத் தொடும் ஃபங்ஷனிலேயே பார்க்கிறோம்.

ரியாக்ட்ராசா: ஒரு பக்கத்துக்குப் பத்து தடவை டேட்டாபேஸில் செஷன் டேபிளை (யார் யார் லாகினில் என்ற பட்டியல்) தேடுவீர்களா?

நள்ளிரவு_டிப்ளாய்: ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு தடவை. எடுத்ததை அந்த ரிக்வெஸ்ட் முடியும்வரை வைத்துக்கொள்கிறோம்.

ரியாக்ட்ராசா: ஜேடபிள்யூடி (சர்வர் கையொப்பமிட்ட டோக்கன்) என்றால் அதுவும் வேண்டாமே. கையொப்பத்தைச் சரிபார்த்தால் முடிந்தது.

பழைய_பிஎச்பி: ஒருவரை வேலையை விட்டு அனுப்பி, மாலை 4 மணிக்குக் கணக்கை முடக்குகிறீர்கள். டோக்கனுக்கு 24 மணி நேரம் ஆயுள், காலையில்தான் வாங்கினார். கையொப்பம் சரி, காலாவதியும் ஆகவில்லை. மறுநாள் காலை வரை உள்ளேதான் உலாவுவார். செஷன் என்றால் டேபிளில் ஒரு வரியை அழித்தால் அடுத்த கிளிக்கில் வெளியே.

ரியாக்ட்ராசா: 15 நிமிட டோக்கன், கூடவே அதைப் புதுப்பிக்க ஒரு ரெஃப்ரெஷ் டோக்கன்.

பழைய_பிஎச்பி: முடக்கியவரின் ரெஃப்ரெஷ் டோக்கனை எங்கே போய்த் தடுப்பீர்கள்? டேட்டாபேஸில். சுத்திச் சுத்தி சுப்பர் கொல்லை!

ரியாக்ட்ராசா: 15 நிமிடத்துக்கு ஒரு தடவைதானே, ஒவ்வொரு கிளிக்குக்கும் இல்லையே. எங்களுடையது வங்கி இல்லை, அந்த 15 நிமிடம் பரவாயில்லை. வேண்டுமானால் டோக்கனை ஹெச்டிடிபி-ஒன்லி குக்கிக்கு மாற்றுகிறேன். எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் வேற்று ஸ்கிரிப்ட் நுழைவது) வந்தாலும் திருட முடியாது.

பழைய_பிஎச்பி: மாற்றுங்கள். ஆனால் அந்தக் குக்கியை உங்கள் ஜாவாஸ்கிரிப்டாலும் படிக்க முடியாது. பக்கம் திறந்ததும் "இவர் யார்" என்று சர்வரிடம் கேட்டாக வேண்டுமே?

ரியாக்ட்ராசா: ...திறக்கும்போது ஒரு தடவை கேட்கிறேன் அண்ணா. கிளிக்குக்குக் கிளிக் மாட்டேன்.