பெரும்பாக்கம் வந்ததிலிருந்து அம்மா கீழே இறங்குவதே இல்லை

கேட்டவர்: பேட்டைப் பையன்

நாங்கள் கூவம் ஓரத்துக் குடும்பம். அரசு காலி செய்யச் சொல்லிவிட்டு, சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளேயே கக்கூஸ், குழாய், மழை வந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தங்கச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிரச்சினை அம்மாவுக்குத்தான். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பார். விடிகாலையில் போனால் பத்து மணிக்குள் அன்றைய செலவுக்குக் காசு, குழம்புக்கு மீன். இப்போது மார்க்கெட் 20 கிலோமீட்டருக்கு மேல். குலுக்கலில் வீடு விழுந்ததால் பழைய பக்கத்து வீட்டு அத்தை எந்த பிளாக்கில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய் மாடி ஏறியதில் முட்டி வீங்கிவிட்டது. அதிலிருந்து வாசலோடு சரி. மாதம் 2,500 ரூபாய் ஒரு வருஷத்துக்குத் தருகிறார்கள், அப்புறம்? பூட்டிவிட்டுப் பேட்டையிலேயே வாடகைக்குப் போய்விடலாமா?

கண்ணகி நகர்க்காரி

தம்பி, பூட்டிவிட்டுப் போகாதே. சோதனைக்கு வரும்போது ஆள் இல்லையென்றால் ஒதுக்கீடே போய்விடலாம். நாங்களும் இப்படித்தான் 2000-இல் கண்ணகி நகர் குடியிருப்புக்கு வந்தவர்கள். அப்போது வீடு 200 சதுர அடிகூடக் கிடையாது. திரும்பிப் போன சிலர் வாடகையும் கட்ட முடியாமல், இங்கேயும் இல்லாமல் அல்லாடினார்கள்.

அம்மாவை மட்டும் "சும்மா உட்காரு" என்று சொல்லிவிடாதே. அத்தனை பிளாக் இருக்கிற இடத்தில் மீன் ஆய ஆள் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை கீழே அரிவாள்மனையைப் போட்டு உட்காரச் சொல். அத்தையும் தானாக வந்து நிற்பார் பார்.

வேளச்சேரி பாஸ்கர்

வேளச்சேரிக்கு பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில், அதாவது பாலத்து மேலே ஓடுகிற மின்சார ரயில். சிந்தாதிரிப்பேட்டையிலேயே நிற்கும், நடுவில் மாற வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ரயிலுக்கு சீசன் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூணாவது மாடி

எல்லாம் சரி, முட்டி வீங்கியவர் முதலில் கீழே வரணுமே! அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, தரைத்தளம் கேட்டு, வீடு ஒதுக்கிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டால் ஆகாது, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் மாடி ஏறக்கூடிய குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்களிடமும் பேசி, சம்மதக் கடிதத்தோடு போங்கள். நீங்களாக மாற்றிக்கொண்டால் பின்னால் வம்பு.

பேட்டைப் பையன்

நன்றி அக்கா, நன்றி அண்ணன்களே. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "இங்கே மீன் என்ன விலை விற்கிறான்?" என்று கேட்டார். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், அரிவாள்மனையோடு ரயிலில் விடுவார்களா?

வேளச்சேரி பாஸ்கர்

எதற்குத் தினமும் சுமக்கணும்? மார்க்கெட்டிலேயே தெரிந்த கடையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்க தம்பி.