இடப்பக்கம் சிலிண்டர் வைத்த ஷே நீராவி எஞ்சின்: அரிய எஞ்சினா, இடவலம் புரண்ட படமா?

கண்ணாடித்தகடு:
இணைய ஏலத்தில் ஒரு பழைய கண்ணாடி நெகட்டிவ் வாங்கினேன். எந்த ஊர், எந்த வருஷம் என்று விற்றவருக்குத் தெரியவில்லை, உறையிலும் எதுவும் எழுதவில்லை. ஸ்கேன் செய்து, நீராவி ரயில் எஞ்சின் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி இங்கே போட்டிருக்கிறேன். குறுகிய பாதை, பின்னால் பெரிய மரங்கள். பாய்லரை ஒட்டி இரண்டு சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கின்றன. புகைபோக்கி நமக்கு இடது கைப்பக்கம். கேபினில் 11 என்ற எண். இது என்ன எஞ்சின், எங்கே ஓடியது?

மலைவண்டி:
மரம் வெட்டும் காடு போலத் தெரிகிறது. அந்த வேலைக்கு ஓடிய எஞ்சின் வகைகளான க்ளைமாக்ஸ் அல்லது ஹைஸ்லராக இருக்குமோ?

பல்சக்கரம்:
இரண்டும் இல்லை. நாம் வழக்கமாகப் பார்க்கும் க்ளைமாக்ஸில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிலிண்டர் சாய்ந்து கிடக்கும். ஹைஸ்லரில் இரண்டும் பாய்லருக்கு அடியில் 'வி' போல விரிந்து நிற்கும். இது சந்தேகமில்லாமல் ஷே. மிச்சிகனில் மர வியாபாரம் செய்த எஃப்ரைம் ஷே 1881ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. ஓஹையோவின் லைமா தொழிற்சாலை 1945 வரை சுமார் 2,770 செய்தது. சிலிண்டர்கள் வண்டியின் வலப்பக்கத்தில் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களையும் ஓட்டும். அந்த எடையைச் சமன் செய்ய பாய்லரைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். ஷேயின் சிலிண்டர் பக்கம் நின்று பார்த்தால் புகைபோக்கி நமக்கு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். இங்கே இடது கைப்பக்கம் இருக்கிறது. படம் இடவலமாகப் புரண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கரிப்புகை:
'அவ்வளவுதான்' என்று அவசரப்பட வேண்டாம் நண்பரே. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசியில் ஒக்டாவியானோ கப்ரேரா என்பவருக்காக லைமா ஒருசில ஷேக்களை இடப்பக்கச் சிலிண்டரோடு செய்து கொடுத்தது. ஷே ஆர்வலர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அவற்றில் ஒன்று நம் கண் முன்னால் இருக்கலாம். ஷே என்றாலே வலப்பக்கம் என்று முதலிலேயே முடிவு கட்டி, பொருந்தாத படத்தையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால், உண்மையான இடப்பக்க ஷே படம் ஒன்று கிடைத்தாலும் அதை நாம் அடையாளம் காணவே மாட்டோம். படம் காட்டுவதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு மறுப்பதற்குச் சான்று தேடுங்கள்.

பல்சக்கரம்:
2,770ல் ஒருசில. அதே சமயம் கண்ணாடி நெகட்டிவ் புரளுவது அன்றாடம் நடப்பது. எதற்கு வாய்ப்பு அதிகம்?

கரிப்புகை:
வாய்ப்பு என்பது ஆயிரம் படங்களைப் பற்றிப் பேசும்போது உதவும். இந்த ஒரு படத்துக்கு அது சான்று ஆகாது. எண்ணையே பாருங்கள். 18 என்று இருந்து புரண்டிருந்தால் 8 முன்னால் வந்திருக்கும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். இங்கே இருப்பது 11, கொக்கி இல்லாத இரண்டு நேர்கோடுகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் 11தான். பாய்லர் தள்ளி இருப்பதும் உதவாது. படம் புரண்டிருந்தாலும், எஞ்சினே இடப்பக்க அமைப்பாக இருந்தாலும், பாய்லர் ஒரே மாதிரிதான் தெரியும். எஞ்சினை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது.

பல்சக்கரம்:
கடைசி வரி சரியான பேச்சு. அப்படியானால் எஞ்சினுக்கு வெளியே தேட வேண்டும். கண்ணாடித்தகடு சார், இரண்டு உதவி வேண்டும். வெட்டாத முழுப் படத்தைப் போடுங்கள். தகட்டின் எந்தப் பக்கத்தைக் கீழே வைத்து ஸ்கேன் செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், அது வெறும் கண்ணாடி. மங்கலான பக்கம்தான் படம் பதிந்த பூச்சு.

கண்ணாடித்தகடு:
முழுப் படம் இதோ. மங்கலான பக்கத்தை ஸ்கேனரின் கண்ணாடியோடு ஒட்டி, கீழ்நோக்கி வைத்தேன். அப்போதுதான் கூர்மையாக வரும். மென்பொருளில் எதையும் திருப்பவில்லை.

வலது ஓரத்தில் மூன்று பேர் நிற்பது வெட்டிய படத்தில் இல்லை. ஒருவர் கோட்டும் தொப்பியும் அணிந்திருக்கிறார். மற்ற இருவரும் முன்னால் குறுக்காக மடித்து அணியும் ஜப்பானிய உடையில் இருக்கிறார்கள்.

பல்சக்கரம்:
கேமராவுக்குள் பூச்சுப் பக்கம்தான் லென்ஸைப் பார்த்து இருக்கும். அதனால் நெகட்டிவைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இடவலம் சரியாக இருக்கும். பூச்சுப் பக்கத்திலிருந்து பார்த்தால் மாறித் தெரியும். ஸ்கேனர் கீழேயிருந்து பூச்சைத்தான் பார்த்திருக்கிறது. மென்பொருளில் ஒருமுறை திருப்பினால்தான் நேராகும்.

கரிப்புகை:
இது கேமராவுக்குள் இருந்த அதே தகடு என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் முழுப் படத்தின் விளிம்பைப் பாருங்கள். நாலு பக்கமும் இன்னொரு சட்டத்தின் நிழல் இருக்கிறது, கீழ் மூலையில் விரிசல் போன்ற கோடு. சாரின் தகட்டில் அங்கே விரிசல் உண்டா?

கண்ணாடித்தகடு:
இல்லை, தகடு முழுசாக இருக்கிறது. விரிசல் படத்துக்குள்தான் தெரிகிறது.

கரிப்புகை:
அப்படியானால் இது உடைந்த ஒரு தகட்டிலிருந்து எடுத்த நகல். பூச்சோடு பூச்சு ஒட்டி நகல் எடுத்தார்களா, இடையில் கண்ணாடி இருந்ததா, எத்தனை முறை நகலானது என்பதையெல்லாம் பொறுத்துப் பக்கம் மாறிக்கொண்டே போகும். பூச்சுச் சோதனை இங்கே செல்லாது. மெக்சிகோவை விட்டுவிடுகிறேன், அந்த உடையோடு அது பொருந்தாது. ஆனால் இடப்பக்கச் சிலிண்டர் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நெசவாளி:
எஞ்சின் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, துணி பற்றித் தெரியும். கிமோனோவை ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே முறையில்தான் அணிவார்கள். அணிந்தவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை, உயிரோடு இருப்பவர் அப்படி அணிய மாட்டார். படத்தைப் பெரிதாக்கிக் கழுத்துப்பட்டியைப் பாருங்கள். இரண்டு பேருக்குமே வலப்பக்க மடிப்புதான் மேலே தெரிகிறது. கோட்டுக்காரரைப் பாருங்கள். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து, பொத்தான் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும். இங்கே அதுவும் மாறியிருக்கிறது. மூன்று பேருமே ஒன்றாக மாறி உடுத்தியிருக்க வழியில்லை.

பல்சக்கரம்:
அக்கா, நாங்கள் எஞ்சினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஜப்பானிய உடை, காடு, ஷே மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது தைவானின் அலிஷான் மலை. ஜப்பானிய ஆட்சியில் அங்கே சைப்ரஸ் மரங்களை இறக்கப் பாதை போட்டார்கள். ஃபுஜிதா நிறுவனம் 1906ல் தொடங்கி 1908ல் நிறுத்தியது. 1910ல் அரசு எடுத்து, 1912ல் அந்த மலையில் உள்ள எர்வான்பிங் வரை வண்டி ஓடியது. 762 மில்லிமீட்டர் பாதை. அடிவாரத்துச் சியாயி நகரில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டரில் கிளம்பி 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அங்கே ஓடிய ஷேக்கள் இரண்டு வகை: 18 டன் வகைக்கு இரண்டு சிலிண்டர், 28 டன் வகைக்கு மூன்று. 18 டன் வண்டிகளின் எண்கள் 11 முதல் 18 வரை, 28 டன் வண்டிகள் 21 முதல் 32 வரை. நம் படத்தில் இரண்டு சிலிண்டர், எண் 11. கச்சிதமாகப் பொருந்துகிறது.

கரிப்புகை:
துணிச் சான்றை ஏற்கிறேன். அது எஞ்சினைச் சாராமல் தனியாக நிற்கிறது, நான் கேட்டது அந்த மாதிரிச் சான்றைத்தான். ஆனால் 'அலிஷான் 11' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கவாட்டில் எடுத்த படத்தில் பாதையின் அகலத்தை அளக்க முடியாது, அதனால் 762 என்பதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை. எண் 11 எந்த நிறுவனத்திலும் இருக்கும். ஜப்பானியர்கள் நின்றால் அது அலிஷானாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பல்சக்கரம்:
ஒவ்வொன்றும் தனியாகப் போதாதுதான். நாலும் ஒரே இடத்தைச் சுட்டும்போது?

கரிப்புகை:
அப்போதும் 'அநேகமாக'. பின்னால் அந்த மரத்தாலான பாலம் பாதி தெரிகிறது. அலிஷானின் பழைய படங்களில் அதே பாலம், அதே மலை விளிம்போடு கிடைத்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். படத்தை முதலில் திருப்பிக்கொண்டு தேடுங்கள், இல்லாவிட்டால் மலையும் பொருந்தாது.

கண்ணாடித்தகடு:
திருப்பிய படத்தையும் ஸ்கேன் செய்தபடி இருக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டேன். தலைப்பு: 'ஷே எஞ்சின், இரண்டு சிலிண்டர், எண் 11, அநேகமாக அலிஷான். உடை மடிப்பை வைத்து இடவலம் திருத்தப்பட்டது.' பாலம் தெரியும் மூலையை மட்டும் இன்று இரவு அதிகத் தெளிவில் மறுபடி ஸ்கேன் செய்து போடுகிறேன்.